முதல் டிரிப்ஸ் ஏறும் முன் சொல்லிவிடுங்கள்

தமிழ்நாட்டில் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கு,



கீமோ தொடங்கப்போகும் ஒரு பெண்ணை எதிரில் உட்காரவைத்து நீங்கள் பேசும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் இந்த மடல். வாந்தி வரும், முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள் என்கிறீர்கள். வெள்ளை அணு குறையும், காய்ச்சல் கண்டால் நடு ராத்திரியானாலும் வந்துவிடுங்கள் என்கிறீர்கள். வாய்ப்புண்ணுக்கு ஒரு மருந்து, மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து, விரல் நுனி மரத்துப்போனால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறீர்கள். முடிப் பேச்சு வந்தால் மட்டும் "கொட்டும்மா, மறுபடி வளர்ந்துரும்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. கொட்டாமல் தடுத்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மருந்து ஏறும்போது தலையைக் குளிரவைக்கும் தொப்பி அது. அதைப் பற்றி ஒவ்வொரு நோயாளியிடமும், முதல் டிரிப்ஸ் ஏறுவதற்கு முன்பே, நீங்கள் சொல்ல வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான்.

நான் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவள். இப்போது புதிதாக வரும் பெண்களோடு கீமோ வார்டில் உட்கார்ந்து பேசுகிறேன். எனக்குச் சிகிச்சை தந்தவர்கள் கைராசிக்காரர்கள், இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் இப்படி ஒரு தொப்பி உண்டு என்று அவர்கள் யாரும் என்னிடம் சொல்லவில்லை. வேறொரு நோயாளியின் தங்கை சொல்லித்தான் தெரிந்தது. அப்போது என் தலையில் ஒன்றும் மிச்சமில்லை. முன்பே தெரிந்திருந்தால் போட்டிருப்பேனா, அதற்குக் காசு புரட்டியிருப்பேனா என்பது வேறு விஷயம். வேண்டாம் என்று சொல்லவாவது எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருக்க வேண்டும்.

இது நேற்று வந்த சங்கதி அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவின் அரிசோனாவில் டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து ஏற்றிக்கொண்ட நோயாளிகளின் தலையில் ஐஸ் பொதிகளைக் கட்டிப் பார்த்து, பலருக்கு முடி நின்றது என்று மருத்துவர்கள் 1979-லேயே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதிவிட்டார்கள். காரணம் எளிமையானது. தலைமுடியில் பத்தில் ஒன்பது பங்கு எந்நேரமும் வளரும் கட்டத்தில் இருக்கிறது. அதன் வேரில் உள்ள செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. வேகமாகப் பிரியும் செல்லைத் தேடி அடிக்கும் மருந்துக்கு, புற்று எது, முடிவேர் எது என்று பார்க்கத் தெரியாது. தலைத்தோலை 20 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரவைத்தால் அங்கே ரத்தக் குழாய்கள் சுருங்கும். வேருக்குப் போய்ச் சேரும் மருந்து குறையும். குளிரில் செல்லின் வேலையும் மந்தமாகும். மருந்தின் வீரியம் ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால் வேர் பிழைத்துக்கொள்ளும்.

ஐஸ் பொதியிலிருந்து இயந்திரத்துக்கு வந்த கதையில் என்னால் மறக்க முடியாத ஒரு குடும்பம் உண்டு. இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த பாக்ஸ்மன் குடும்பத்துக்கு, மதுக்கடைகளில் பீரைக் குளிரவைக்கும் கருவிகள் செய்வது தொழில். 1990-களில் அந்த வீட்டு மருமகள் சூ பாக்ஸ்மனுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, கீமோவில் முடி போனது. நான்கு பிள்ளைகளின் தாய் அவர். குளிரூட்டுவதையே பிழைப்பாகக் கொண்ட கணவர் கிளென், அந்தத் தொழிலறிவை வைத்தே தலைக்கு ஒரு கருவி செய்ய உட்கார்ந்தார். 2000-ல் சூ இறந்துபோனார். கருவி பல நாடுகளுக்குப் போனது. ஸ்வீடனில் அதே வேலையில் இறங்கிய இன்னொருவர், கீமோ வார்டில் வேலை பார்த்த ஒரு செவிலியர். டிக்னிகேப் என்ற குளிர்த்தொப்பி அவர் யோசனையில் பிறந்தது. முடி கொட்டும்போது பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் செய்த கருவிகள் இவை இரண்டும்.

"ஆதாரம் எங்கே?" என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். 2017 பிப்ரவரியில் ஜாமா மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில், தொப்பி போட்ட 95 பெண்களில் 48 பேருக்குப் பாதிக்கு மேல் முடி நின்றது. போடாத 47 பேரில் ஒருவருக்குக்கூட நிற்கவில்லை. மற்றொன்றில் 101 பேரில் 67 பேருக்கு நின்றது. போடாத 16 பேரில் யாருக்கும் இல்லை. வெள்ளைக்காரர்களின் தலைமுடி வேறு, நம்மவர்களின் முடி வேறு என்ற பேச்சும் வரும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் ஜோதி பாஜ்பாய் குழுவினர் 51 பெண்களை வைத்து அதையும் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். தொப்பி போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முடி நின்றது, போடாதவர்களில் ஒருவருக்கும் இல்லை. நம் நாட்டுப் பெண்கள், நம் நாட்டு வார்டு.

இனி, எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்விக்கு வருகிறேன். "உயிரா, முடியா?" மாமியார் கேட்கிறார், அண்ணன் கேட்கிறார், சில சமயம் நீங்களும் கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியில் ஒரு பெண் வாயடைத்துப்போகிறாள். இதில் எதையும் விட்டுக்கொடுத்து இன்னொன்றை வாங்கும் நிலையே கிடையாது என்பதை யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டும். தொப்பி போட்டாலும் அதே மருந்து, அதே அளவு, அதே நாள். தலைக்குப் பாதுகாப்புத் தேடுகிறவள் உயிரைத் துச்சமாக நினைக்கிறவள் அல்ல. முடி போகும் என்ற ஒரே பயத்தில் கீமோவே வேண்டாம் என்று எழுந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியையாவது இந்தத் தொப்பி நாற்காலியில் உட்காரவைக்கும்.

நம் ஊரில் ஒரு பெண்ணின் தலை மொட்டையாக இருந்தால் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? மளிகைக் கடையில் நின்றால் "என்னம்மா, திருப்பதியா பழனியா?" என்று கேட்பார்கள். வேண்டுதல் என்று பொய் சொல்லிவிட்டு வருவாள். சீமந்தத்துக்குக் கூப்பிடமாட்டார்கள், கூப்பிட்டாலும் பூ வைக்கும்போது எல்லோர் கையும் ஒரு கணம் தயங்கும். கைம்பெண்ணின் தலையை மழித்த காலம் நம் பாட்டிகளின் ஞாபகத்திலிருந்து இன்னும் அழியவில்லை. கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே ஒருத்தியை அந்தப் பார்வை பார்க்கிறவர்கள் உண்டு. வீட்டுவேலைக்குப் போகிறவளுக்கு, நோய் தெரிந்துவிட்டால் வேலை போய்விடும். கல்யாண வயதில் மகள் இருந்தால், "அம்மாவுக்குப் புற்றுநோயாமே" என்ற பேச்சு பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் ஊருக்குள் வந்துவிடும். மார்பில் உள்ள தழும்பைப் புடவை மறைக்கும். தலை மட்டும்தான் தெருவுக்குத் தெரியும். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, சொல்லாமலே இருந்துவிடுவதா என்று தீர்மானிக்கும் உரிமை அதோடு போய்விடுகிறது. வார்டில் என்னிடம் அழும் பெண்களில் அழகு போனதற்காக அழுகிறவர்கள் குறைவு. ரகசியம் போனதற்காகத்தான் அழுகிறார்கள்.

"வளர்ந்துரும்" என்கிறீர்களே, அதைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். பெரும்பாலோருக்கு வளர்கிறது, உண்மை. டோசிடாக்சல் போன்ற மருந்துகளுக்குப் பின் சிலருக்கு முழுதாக வளர்வதே இல்லை என்பதும் உங்கள் துறையே பதிவு செய்திருக்கும் உண்மை. சியோலில் சாம்சங் மருத்துவ மையத்தில் நடந்து 2024-ல் வெளியான ஆய்வு ஒன்று, சிகிச்சை முடிந்து 6 மாதத்துக்குப் பிறகு பார்த்தது. முடியின் அளவோ தடிமனோ பழைய நிலைக்குத் திரும்பாதவர்கள், தொப்பி போடாதவர்களில் 52 சதவீதம், போட்டவர்களில் 13.5 சதவீதம். எனக்கு அந்த ஆய்வு சொல்வது இது: சிகிச்சை நடக்கும்போது முடி நிற்காமல் போனாலும் தொப்பி வீணாகிவிடவில்லை.

தொப்பி போடும் நாள் எப்படி இருக்கும் என்று, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில், பள்ளி ஆசிரியை ஒருவர். முதல் நாளே தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். வாழ்நாள் முழுக்க எண்ணெய் வைத்த தலை, "என்னமோ மாதிரி இருக்குக்கா" என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சிஸ்டர் தண்ணீர் தெளித்து முடியை வேர் வரை நனைத்தார், கண்டிஷனர் தடவினார், அகலப் பல் சீப்பால் பின்னோக்கி வாரிவிட்டார். உச்சியில் முடி கும்பலாக நின்றால் தொப்பிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நிற்கும், அந்த இடத்தில் திட்டாகக் கொட்டும் என்று சொல்லிக்கொண்டே பிரித்துப் பரப்பினார். நெற்றியில் ஒரு பட்டை, காது மேல் பஞ்சு. பிறகு சிலிகோன் தொப்பி, அதன் மேல் இறுக்கிப் பிடிக்கும் உறை, தாடைக்குக் கீழே வார். உச்சந்தலையில் விரலை வைத்து அழுத்தி, இடைவெளி இருக்கிறதா என்று மூன்று இடத்தில் பார்த்தார்.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் ஆசிரியை கண்ணை இறுக மூடிக்கொண்டார். நெற்றிப் பொட்டு தெறிப்பதுபோல வலித்தது என்று பிறகு சொன்னார். "பத்து நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கோங்கம்மா, அப்புறம் மரத்துரும்" என்றார் சிஸ்டர். அப்படியே ஆனது. அரை மணி நேரம் தலை குளிர்ந்த பிறகுதான் மருந்தைத் திறந்தார்கள். கம்பளி, சூடான டீ, காலுக்கு உறை. மருந்து முடிந்தும் தொப்பி நின்றது. இயந்திரத்தை நிறுத்திய பிறகும் உடனே கழற்றவில்லை. முடியெல்லாம் பனியில் உறைந்து தொப்பியோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் முடியும் கூடவே வரும் என்பதால் உருகும்வரை காத்திருந்தார்கள். கழற்றியபோது காதோர முடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஆசிரியை அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். அந்தத் தலையில் வைத்த கைக்கு இருந்த பொறுமையை நான் மதிக்கிறேன். இந்த வேலையில் பாதி வெற்றி அந்த சிஸ்டருடைய கையில்தான் இருக்கிறது. இயந்திரம் வாங்கும் மருத்துவமனைகள் செவிலியருக்குப் பயிற்சி கொடுக்கும் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

தொப்பியின் குறைகளை மறைக்கச் சொல்லவில்லை. மறைத்தால்தான் துரோகம். ஜாமாவில் வந்த முதல் ஆய்விலேயே டாக்சேன் வகை மருந்து எடுத்தவர்களில் 59 சதவீதம் பேருக்குப் பலித்தது. சிவப்பு மருந்து என்று நாங்கள் சொல்லும் ஆந்த்ராசைக்ளின் வகையில் வெறும் 16 சதவீதம். வாராவாரம் பாக்லிடாக்சல் என்ற டாக்சேன் எடுக்கப்போகிறவளிடம் சொல்லும் நம்பிக்கையைச் சிவப்பு மருந்து எடுக்கப்போகிறவளிடம் அப்படியே சொல்ல முடியாது. பலிப்பது என்றால் ஒரு முடிகூடக் கொட்டாது என்று பொருள் இல்லை. விக் தேவைப்படாத அளவுக்கு நிற்கும், அவ்வளவே. நெற்றி வகிடு அகலமாகும், குளிக்கும்போது கை நிறைய வரும். அதைப் பார்த்து அரண்டுபோய், தொப்பி தோற்றுவிட்டது என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். முன்னாலேயே சொல்லியிருந்தால் நிறுத்தமாட்டார்கள். புருவமும் இமையும் தொப்பிக்கு வெளியே இருப்பவை, அவை போகலாம். இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எனக்கு இந்தக் குளிரும் வேண்டாம், அலைச்சலும் வேண்டாம், மொட்டையே போட்டுக்கிறேன்" என்று சொல்லும் பெண்ணும் சரியாகத்தான் முடிவெடுக்கிறாள். அவள் தலை, அவள் முடிவு.

யாருக்கு ஆகாது என்பதையும் நீங்கள்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கு இது கூடாது. குளிர் பட்டால் தடிக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள், குளிரில் ரத்தம் திரளும் சில அபூர்வ நோய்கள் உள்ளவர்கள், தலையில் கதிர்வீச்சு எடுக்கவிருப்பவர்கள் ஆகியோருக்கும் கூடாது. உங்கள் வாயிலிருந்து விஷயம் வராததால், வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸை உறையவைத்துத் துணியில் கட்டிக்கொண்டு வரும் பெண்களும் இருக்கிறார்கள். அளவு தெரியாத குளிர் தோலைக் கருக்கிவிடும். நீங்கள் பேசாத இடத்தில் வேறு யாரோ பேசுகிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உங்களில் சிலர் பேசாமல் இருப்பதற்குப் பின்னால் ஒரு பழைய பயம் இருக்கிறது. தலைக்கு மருந்து போகாமல் தடுத்தால், அங்கே ஒளிந்திருக்கும் புற்றுச் செல் தப்பிவிடாதா? நியாயமான பயம்தான். அந்தக் கவலையில்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1990-ல் இந்தத் தொப்பிகளின் விற்பனையையே நிறுத்திவைத்தது. அதே நிர்வாகம், பல நாடுகளின் அனுபவத்தைப் பார்த்த பிறகு, 2015 டிசம்பரில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி கொடுத்தது. 2017-ல் மற்ற கட்டிப் புற்றுநோய்களுக்கும் விரித்தது. மார்பகப் புற்றுநோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த 2017-ன் அலசலில், தலைத்தோலுக்குப் புற்று பரவியது தொப்பி போட்டவர்களில் 0.61 சதவீதம், போடாதவர்களில் 0.41 சதவீதம், வித்தியாசம் கணக்கில் எடுக்கும்படி இல்லை. ஐரோப்பாவின் எஸ்மோ, அமெரிக்காவின் என்.சி.சி.என். ஆகிய புற்றுநோய் மருத்துவ அமைப்புகள் இரண்டின் வழிகாட்டுதல்களிலும் இன்று தொப்பிக்கு இடம் இருக்கிறது. மருந்து அளவுக்கும் நாள் கணக்கிற்கும் அந்த வழிகாட்டுதல்களைப் புரட்டும் நீங்கள், இந்தப் பக்கத்தையும் புரட்டிவிடுங்கள்.

"இவளால் இவ்வளவு காசு கட்ட முடியாது, சொல்லி ஏன் ஏங்கவைக்க வேண்டும்?" என்று இரக்கத்தில் சொல்லாமல் விடுகிறவர்களும் உண்டு. அந்த இரக்கம் எங்களுக்கு வேண்டாம். புடவையைப் பார்த்து வசதியை எடைபோடாதீர்கள். மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த நகையை வைத்துக் கீமோ எடுக்கிறவள், இதற்கும் ஒரு வளையலை வைப்பதா வேண்டாமா என்று அவளே யோசிக்கட்டும். இந்தத் தொப்பி இன்று பெருநகரத்துத் தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் இருக்கிறது. ஒவ்வொரு தடவைக்கும் தனிக் கட்டணம். அரசு மருத்துவமனை வார்டில் நான் பார்த்ததில்லை. அங்கே ஒரு நாற்காலிக்குப் பத்துப் பேர் காத்திருக்கும்போது, தொப்பிக்காக ஒருத்தி கூடுதலாக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி உண்மையானது. வழியும் இல்லாமல் இல்லை. டோசிடாக்சலுக்குப் பிறகு 20 நிமிடம் குளிரவைத்தாலே போதும் என்று நெதர்லாந்து ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரே இயந்திரத்தில் இருவருக்குத் தொப்பி போடலாம். பிரிட்டனில் பொது மருத்துவமனைகளுக்கு இந்த இயந்திரங்கள் வந்து சேர்ந்ததில் வாக் த வாக் என்ற தொண்டு அமைப்பின் பங்கு பெரிது. நம் ஊர்க் கல்லூரிகளில் மாணவிகள் வரிசையில் நின்று விக்குக்காகக் கூந்தலைத் தானம் செய்கிறார்கள். ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் விழா எடுத்து நடத்துகின்றன. போன முடிக்காக அவ்வளவு செய்கிறவர்கள், போகாமல் காக்க ஒரு இயந்திரம் வாங்கித் தரமாட்டார்களா? ஒரு மருத்துவர் எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். நோயாளி கேட்டால் அந்தக் கடிதத்தை யார் படிப்பார்கள்?

எல்லாவற்றுக்கும் மேலே நேரம் ஒன்று இருக்கிறது. முதல் டிரிப்ஸிலேயே வேருக்கு அடி விழுந்துவிடுகிறது. முடி கொட்டத் தொடங்குவது இரண்டு மூன்று வாரம் கழித்து. கையில் கற்றையாக வரும்போது ஓடிவந்து கேட்கிறவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆகவே பயாப்ஸி ரிப்போர்ட்டைக் காட்டி மருந்துப் பெயரை எழுதும் அதே சந்திப்பில், இதையும் சொல்லிவிடுங்கள். ஒப்புதல் படிவத்தில் தமிழில் நான்கு வரி சேருங்கள்: இப்படி ஒன்று உண்டு, உங்கள் மருந்துக்கு இவ்வளவு வாய்ப்பு, எங்களிடம் இருக்கிறது அல்லது இன்ன இடத்தில் இருக்கிறது, செலவு இவ்வளவு. உங்கள் மருத்துவமனையில் இல்லாவிட்டால், இல்லை என்பதையும் எழுதுங்கள். ஆண்களுக்கும் சொல்லுங்கள். தாடி மீசையோடு மொட்டைத் தலையாக வேலைக்குத் திரும்பும் இளைஞனுக்கும் இந்தக் கவலை உண்டு, அவன் வாய்விட்டுக் கேட்கமாட்டான்.

உங்களுக்கு நேரம் இல்லை என்பதை நான் அறிவேன். வெளியே நாற்பது டோக்கன் காத்திருக்கிறது. நீங்கள் ஒரு நிமிடம் சொல்லித் தொடங்கிவைத்தால் போதும். மீதியை விளக்க, தலைக்கு என்ன ஷாம்பூ, எண்ணெய் எப்போது வைக்கலாம், எப்படிச் சீவுவது, முதல் பத்து நிமிடத்தை எப்படித் தாண்டுவது என்றெல்லாம் சொல்ல, சிகிச்சை முடித்த எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம். கூப்பிடுங்கள், வார்டுக்கு வந்து உட்கார்ந்து பேசுகிறோம்.

எதிர்பார்ப்புடன்,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி